மொட்டைப் பெட்டிசமும் ஊதா மருந்தும்

நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எழுத்தில் இருக்கிறது. நல்ல வெள்ளைத் தாளில், என் கையாலேயே அப்படி எழுதி, இரண்டாம் பந்தியில் 'மேற்படி மடையன்' என்று மறுபடியும் குறிப்பிட்டு, உறையிலிட்டு ஒட்டி, நகரசபைக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். அந்தக் காலத்துத் திருகோணமலையில் மடையர்களுக்குக் குறைவில்லை. ஆனால் கந்தோர்க் கோப்பில் ஏறிய மடையன் நான் ஒருவனே.

வெள்ளைக்காரக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய காலம் அது. துறைமுகத்துப் பக்கம் ஒரு கந்தோரில் நான் கிளாக்கர். கலியாணமாகி ஒரு வருடம். பகலில் அரசாங்கத்துக்கு எழுதினேன், பின்னேரத்தில் ஊருக்கு எழுதினேன். தெருவிளக்கு எரியவில்லை, பக்கத்து வளவு முருங்கை எங்கள் கூரையில் சாய்கிறது, பொதுக்கிணற்றுக் கட்டு இடிந்துவிட்டது, எதுவென்றாலும் பெட்டிசம் எழுத எங்கள் வீட்டுப் படலையைத்தான் திறப்பார்கள். கூலி வாங்குவதில்லை. எழுதியதை வாசித்துக் காட்டும்போது கேட்பவர் "அப்பிடியே நெஞ்சுக்குள்ள போகுது தம்பி" என்று சொல்லவேண்டும். அது போதும். கூலி வாங்கியிருந்தால் நான் இவ்வளவு கெட்டுப்போயிருக்க மாட்டேன்.

எங்கள் வாசிகசாலையில் மாதம் ஒருமுறை விவாதம் நடக்கும். கடற்படைக்காரர் விட்டுப்போன இரும்புக் கதிரைகள் இருபது, அவற்றில் உட்கார ஏழெட்டுப் பேர். அந்த மாதத்துத் தலைப்பு: 'வாயில்லாச் சீவன்களை வதைப்போருக்கு அபராதம் போதுமா, மறியல் வேண்டுமா?' தலைமை தாங்கியவர் ஊரின் மாட்டு டொக்டர். யாழ்ப்பாணத்து மனிதர். வார்த்தைகளை மருந்து போலச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவார். அபராதம் போதும் என்று ஒரு வாத்தியார் பேசினார். மறியலே வேண்டும், சிறைக்கம்பி எண்ணினால்தான் புத்தி வரும் என்று நான் எழுந்தேன்.

அதற்காகக் கலியாணத்துக்குத் தைத்த கோட்டை அணிந்து போயிருந்தேன். ஒரு கிழமையாகத் தயாரித்த குறிப்புத் தாளை யன்னல் கட்டில் வைத்துவிட்டு முதல் வாக்கியத்தைத் தொடங்கியபோது, கோட்டை மதில் பக்கமிருந்து இறங்கி வந்த மான் ஒன்று வெளியிலிருந்து தலையை நீட்டி, அந்தத் தாளை எடுத்து ஆறுதலாக மென்றது. சபை கைதட்டியது. எனக்கென்று நினைத்து நன்றி சொன்னேன்.

தாள் போனாலும் அதிலிருந்த ஒரு வரி எனக்கு மனப்பாடம். மூன்று இரவு தூங்காமல் பெற்றெடுத்த வரி. கையை உயர்த்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

"தன் கண்ணீரைத் தன் கொம்பால் துடைக்க முடியாத அந்தச் சீவனுக்கு, நாமன்றோ கைக்குட்டை!"

வாத்தியாரே கண்ணைக் கசக்கினார். தூசியாகவும் இருக்கலாம். எப்படியோ நான் வென்றேன். ஒரு தேநீரும் வடையும் பரிசு.

வெற்றி தலைக்கேறிய மனிதனுக்கு உடனே ஒரு குற்றவாளி தேவைப்படுகிறான். அடுத்த நாளே கிடைத்தான். வேலை முடிந்து நான் சைக்கிளில் வரும்போது, இறங்குதுறையிலிருந்து ஒற்றை மாடு பூட்டிய கரத்தை வண்டி ஒன்று மேட்டில் ஏறி வந்தது. நிறைய நெல் மூட்டை. வானம் கறுத்திருந்தது. செவலை மாடு, நுகம் பட்ட இடத்தில் உள்ளங்கையளவு புண். சாதாரணப் புண்ணல்ல, கரும் ஊதா நிறம். கரத்தைக்காரர் பக்கத்தில் நடந்துகொண்டு நுகத்தைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார். அதை நான் கண்டேன்; ஆனால் பெட்டிசம் எழுதுபவன் தனக்கு வேண்டாததைக் காணமாட்டான்.

அன்று மாலை இடக்கையால் எழுத உட்கார்ந்தேன். மொட்டைப் பெட்டிசத்துக்குப் பெயர் இருக்கக்கூடாது, கையெழுத்தும் பிடிபடக்கூடாது அல்லவா? மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வலக்கைக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. பயிற்சி."

"நாக்கை ஏன் வெளியில நீட்டிக்கொண்டு எழுதுறீங்கள்?"

"அதுவும் பயிற்சிதான்."

'ஊதா நிறமாக அழுகிப்போன புண்ணோடு' என்று தொடங்கினேன். மாட்டை உடனே பறித்துப் பட்டியில் அடைத்துக் காப்பாற்ற வேண்டும், கரத்தைக்காரரை மறியலுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். கொம்பும் கைக்குட்டையும் வந்த அந்த வரியைப் போடாமல் விட மனம் கேட்கவில்லை. அடியில் 'ஒரு நலன்விரும்பி' என்று ஒப்பமிட்டு நகரசபைக்குத் தபாலில் சேர்த்தேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள், ஒரு பின்னேரம், அந்தக் கரத்தைக்காரரே எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கிண்ணியா ஆள். ஐம்பது வயதிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அவர் 'காக்கா', முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன். எழுத வாசிக்கத் தெரியாதவர். மடியிலிருந்து நான்காக மடித்த நீளக் கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். தலைப்பில் சபையின் பெரிய வட்ட முத்திரை.

"கிளாக்கர் தம்பி, எவனோ ஒரு புண்ணியவான் என்ட மாட்டுக்குப் பெட்டிசம் அடிச்சிருக்கான். விளக்கம் குடுக்கட்டாம். அவன் என்ன எழுதியிருக்கான் எண்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க."

விரித்தேன். நான் எழுதியதேதான். சபைக் கிளாக்கர் ஒருவர் தன் கையெழுத்தில் பிரதி எடுத்திருந்தார். இரண்டு எழுத்துப்பிழை வேறு. அந்த நிலையிலும் என் வாக்கியத்தில் பிழைவிட்ட மனிதர்மீது எனக்குக் கோபம் வந்தது. கடதாசியை மடித்தேன். தண்ணீர் குடித்தேன். காக்கா காத்திருந்தார். வேறு வழியில்லாமல் மறுபடி விரித்து வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் முணுமுணுத்தேன். மூன்றாம் வாக்கியத்தில் குரல் தானாக ஏறியது. என்ன இருந்தாலும் நல்ல எழுத்து. கண்கள் அரைவாசி மூடிக்கொண்டன, இடக்கை உயர்ந்தது. கொம்பும் கண்ணீரும் வந்தபோது அந்த வரியை இரண்டு தரம் சொன்னேன். காக்கா தலையை ஒரு பக்கமாகச் சரித்து, இன்னும் கொஞ்சம் சரித்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மனிதர் உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

"எப்பிடிக் காக்கா, நல்லா..." என்று தொடங்கி, "மோசமா எழுதியிருக்கிறான், என்ன?" என்று முடித்தேன்.

"ஓம் தம்பி," என்றார் காக்கா. "அழுகின புண் எண்டல்லோ எழுதியிருக்கான். அது டொக்டர் பூசின ஊதா மருந்து."

குசினிக்குள் ஒரு கோப்பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம்.

காக்கா எல்லாவற்றையும் சொன்னார். நுகத்தடியில் மரச் சிலாம்பு கிளம்பிக் கழுத்து உரசிவிட்டது. அவராகவே மாட்டை டொக்டரிடம் கொண்டுபோனார். டொக்டர் மருந்து பூசி, இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளும், நுகம் வைக்கக்கூடாது என்றார். அடுத்த நாள் மூதூரிலிருந்து நெல் வந்து இறங்கியது, மழை வரப்போகிறது, மூட்டைகள் வெட்டவெளியில் கிடந்தன. ஒரே ஒரு நடை மாட்டைப் பூட்டினார். இப்போது மாட்டை ஒரு மாதம் பட்டியில் கட்டப்போகிறார்களாம்.

"கட்டாக்காலி மாடுகளோட அடைச்சா அது செத்துப் போயிரும் தம்பி. அது என்ட கையால வெச்சாத்தான் தின்னும். கலியாண வீட்டுக்கு ரெண்டு நாள் போய் வந்தன், ரெண்டு நாளும் பட்டினி. நீங்கதான் ஒரு மறுப்புப் பெட்டிசம் எழுதித் தரணும்."

எந்த வாயால் ஏலாது என்பேன்? இம்முறை வலக்கையால் தாளை எடுத்தேன்.

"முதல் வரி என்ன போடுவம், காக்கா?"

"இதை எழுதினவன் ஒரு மடையன் எண்டு போடுங்க."

"சபைக்குப் போற கடதாசி. 'போதிய விபரம் அறியாதவர்' எண்டு போடுவமே?"

"அது என்ன, நல்ல ஆள் மாதிரிக் கிடக்கு. மடையன் எண்டு போடுங்க."

"'அவசரப்பட்ட அன்பர்'?"

"தம்பி, நீங்க ஏன் அவனுக்காக இவ்வளவு பாடுபடுறீங்க?"

குசினியிலிருந்து என் மனைவி தேநீரோடு வந்தாள். "காக்கா சொல்லுறதையே எழுதுங்கோவன். பொருத்தமாத்தான் கிடக்கு," என்றாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பேனா சூடுபிடித்தது. சட்டத்தைப் பற்றி நான் அதுவரை யோசிக்காததையெல்லாம் காக்கா தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். "எனக்கு அபராதம் போட்டா மாட்டுக்குத்தான் தவிடு குறையும். என்னய மறியல்ல போட்டா அதுக்கு ஆரு தண்ணி வெக்கிற? மாட்டைப் பறிச்சா, அடி எனக்கில்ல, அதுக்கு." நான் அந்தப் பேச்சுக்குச் சட்டையும் வேட்டியும் உடுத்தி எழுதினேன். என் முதல் பெட்டிசத்தை இரண்டாவது பெட்டிசம் பந்திக்குப் பந்தி அடித்து வீழ்த்தியது. தோற்றவனும் நான், வென்றவனும் நான். அன்றைக்குப்போல இலக்கிய இன்பம் எனக்குப் பிறகு கிடைத்ததேயில்லை.

"அந்த ஒரு நடையை எழுதாமல் விடுவம் காக்கா. ஆர் கண்டது?"

"அதையும் போடுங்க. மாடு கண்டதுதானே."

போட்டேன். முடிவு கொஞ்சம் வெறுமையாக இருந்தது. மெருகூட்ட ஒரு வரி தேவை. 'தன் கண்ணீரைத் தன் கொம்பால் துடைக்க முடியாத இச்சீவனுக்கு இவரன்றோ கைக்குட்டை' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். முதலிலேயே சொன்னேனே, நான் யாரென்று.

அடுத்த கிழமை விசாரணை. மாட்டு டொக்டரின் மருந்துச்சாலை முற்றத்தில், வேப்பமரத்தின் கீழ் ஒரு மேசை. வழக்கைக் கோட்டுக்கு, நீதவானிடம், அனுப்புவதா, அங்கேயே முடிப்பதா என்று டொக்டர்தான் முடிவு சொல்லவேண்டும். காக்கா மாட்டோடு வந்தார். கடதாசி விஷயமென்று என்னையும் இழுத்து வந்திருந்தார். டொக்டர் முதலில் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மருந்து பூசிய புண் அந்த ஒரு நடையில் மீண்டும் கிளம்பியிருந்தது. பிறகு இரண்டு பெட்டிசங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கழற்றினார். என்னைப் பார்த்தார்.

"கிளாக்கர், இந்தக் கொம்பை நான் மூண்டு தரம் கேட்டிட்டன். வாசிகசாலையில ஒருக்கா, இதில ஒருக்கா, இதில ஒருக்கா. ஊரில எத்தினை பேரிட்ட இந்தக் கைக்குட்டை இருக்கு?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"ஒண்டு என்னட்டைத்தான், ஐயா."

"மற்றது?"

"அதுவும்."

காக்காவின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் மாட்டின் காதிலிருந்து உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டார், பாவம், என்று எண்ணினேன்.

"சரி," என்றார் டொக்டர். "அண்டைக்கு மறியல் கேட்டு வடை திண்டனீர். இப்ப சொல்லும். இந்த மனிசனுக்கு என்ன தண்டனை?"

"மன்னிச்சு விடலாம், ஐயா."

"மன்னிச்சால், நாளைக்கு இன்னொருத்தன் ரெண்டாம் நாளே நுகம் வைப்பான். 'அவருக்கு ஒண்டும் நடக்கேல்லையே' எண்டு கேப்பான். நான் என்ன சொல்ல?"

"அப்ப அபராதம்?"

"காக்காவுக்கு அபராதம் போட்டா மாட்டுக்குத் தவிடு குறையும் எண்டு நீர்தான் எழுதியிருக்கிறீர். நல்ல நியாயம். பட்டியில அடைச்சா தின்னாது எண்டும் எழுதியிருக்கிறீர். அதுவும் நல்ல நியாயம்."

இரண்டு பக்கமும் நானே பேசி, இரண்டு கதவையும் நானே பூட்டிவிட்டிருந்தேன். அப்போது காக்கா உண்ணி பிடுங்குவதை நிறுத்தினார்.

"பிழை என்டது, டொக்டர் ஐயா. மாடு இழுக்க வேண்டிய ரெண்டு கிழமையும் கரத்தைய நான் இழுக்கிறன். அப்ப எனக்கும் தெரியும், கழுத்து எப்பிடி நோகுமெண்டு."

டொக்டர் மேசையிலிருந்த சட்டப் புத்தகத்தை மூடினார். "கோட்டுக்கு அனுப்பேல்லை. ரெண்டு கிழமைக்கு மாடு நுகம் காணப்படாது. கரத்தையை நீரே இழுவும். காலமை காலமை மாட்டை இஞ்ச கொண்டு வாரும், மருந்து பூச." பேனாவை எடுத்தவர், மறுபடி என் பக்கம் திரும்பினார். "மருந்தைப் புண்ணெண்டு எழுதின நலன்விரும்பிக்கும் ஒரு தண்டனை வேணுமெல்லோ? காக்கா, நீர் சொல்லும்."

காக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார், சந்தையில் மாடு பார்ப்பதைப் போல.

"முன்னால இழுக்கப் பெலன் காணா, ஐயா. பின்னால நிண்டு தள்ளட்டும்."

அப்படித்தான் அந்த இரண்டு கிழமையும் திருகோணமலை ஒரு புதினக் காட்சியைக் கண்டது. காலையில் கந்தோருக்கு முன், இறங்குதுறையிலிருந்து கடைத்தெரு வரை, காக்கா முன்னால் இழுப்பார், நான் பின்னால் தள்ளுவேன். அரைப் பாரம்தான்; ஆனால் அந்த மேட்டில் அரைப் பாரத்துக்கும் மலை என்று பெயர். கரத்தைக்குப் பின்னால் நீளக் கயிற்றில் செவலை. அசைபோட்டுக்கொண்டு, முதலாளி தோட்டம் பார்க்கப் போவதைப் போல ஆறுதலாக வரும். நான் நின்று மூச்சுவாங்கினால் ஈர மூக்கால் என் முதுகில் ஒரு தள்ளு. அது கருணையா கட்டளையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் சும்மா இருக்குமா? தேத்தண்ணிக் கடைக்காரர் வாசலில் நின்று, "காக்கா, புது மாடு நல்லா உழைக்குது! என்ன தீன் போடுறீங்க?" என்றார்.

"அது புல்லுத் தின்னா. புகழ்ந்தா இழுக்கும்," என்றார் காக்கா திரும்பிப் பாராமல்.

மீன் விற்கப்போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னைச் சுற்றி வந்து பார்த்து, "கிளாக்கருக்குக் குறி சுடேல்லையோ? துலைஞ்சு போனா எப்பிடிப் பிடிக்கிறது?" என்று கவலைப்பட்டார். என்னோடு விவாதத்தில் தோற்ற வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. கிட்ட வந்து, கைக்குட்டையை எடுத்து மரியாதையாக நீட்டினார். துடைத்துக்கொண்டேன். என்ன செய்வது, எனக்கும் கொம்பில்லை.

ஐந்தாம் நாள் காக்கா கால் சுளுக்கி நொண்டினார். நான் முன்னால் போய் நுகத்துக்குத் தோள் கொடுத்தேன். வீரம்தான். நூறு அடி போவதற்குள் சட்டையைத் தாண்டித் தோல் உரிந்துவிட்டது. மாட்டுக்கு மருந்து பூசப் போன இடத்தில் டொக்டர் என் தோளையும் கண்டார். அதே போத்தல், அதே பஞ்சு. மாட்டுக்குப் பூசிய கையோடு எனக்கும் பூசினார். "நுகம் வைக்கப்படாது. ரெண்டு கிழமை," என்றார்.

அன்று பின்னேரம் சட்டையைக் கழற்றினேன். மனைவி விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, மிகச் சுத்தமான உச்சரிப்பில், "ஊதா நிறமாக அழுகிப்போன புண்ணோடு..." என்று தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கோபப்பட வாயைத் திறந்த நானும் கொஞ்ச நேரத்தில் கதிரையில் விழுந்து சிரித்தேன். பிறகு அவளே என் கலியாணக் கோட்டை எடுத்துவந்தாள். தோளுக்குள் தையற்காரர் வைத்துத் தைத்திருந்த பஞ்சு மெத்தை இரண்டையும் கத்தரியால் வெட்டியெடுத்து, சாக்குத் துண்டில் பொதிந்து, ஊசியால் சுற்றித் தைத்தாள்.

"இது ஆருக்கு?" என்றேன், கொஞ்சம் ஆசையோடு.

"மாட்டுக்கு," என்றாள். "நாலு கால் மாட்டுக்கு."

இரண்டு கிழமை முடிந்தது. டொக்டர் புண் முழுதாக ஆறிவிட்டதென்று எழுதிக் கொடுத்தார். சிலாம்பு சீவிய நுகத்தில் காக்கா அந்த மெத்தையை வைத்துக் கட்டி, செவலையின் கழுத்தில் மெதுவாக இறக்கினார். அது ஒருமுறை தலையை ஆட்டிப் பார்த்தது. பிறகு யாரும் சொல்லாமலே இறங்குதுறைப் பக்கம் நடக்கத் தொடங்கியது. கடற்காற்று வீசியது. நான் வெறுங்கையோடு பக்கத்தில் நடந்தேன். தள்ள ஒன்றுமில்லாதது கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

அத்தனை நாளும் நெஞ்சுக்குள் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன். மன்னிப்பும் கேட்டதுபோல் ஆகட்டும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"காக்கா, அந்தப் பெட்டிசம் என்ர எண்டு வேம்படியில டொக்டர் கண்டுபிடிக்கேக்க, உங்களுக்கு நெஞ்சு துணுக்கெண்டிருக்கும், என்ன?"

காக்கா கயிற்றைச் சுண்டி மாட்டைத் திருப்பினார்.

"மொதல் நாளே தெரியும் தம்பி, முத்திரை கீழ கிடக்கக் கடதாசியத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டுத்தானே வாசிச்சீங்க."